எண்பது சதவீதம் சரி, மிச்சம் என்ன?

வெளிர் பச்சையாக ஒரு கல். கையில் எடுத்தால் நினைத்ததைவிட எடை குறைவு. அதை உங்கள் மேசையில் வைத்து, "இதுல சியோலைட் எத்தனை பெர்சன்ட்?" என்பார்கள். நிலவியலோ வேதியியலோ படித்துவிட்டுக் கனிம ஆய்வுக்கூடத்தில் சேருகிறவர் இந்தத் துறையில் சந்திக்கும் முதல் கேள்வி இது. இதற்குமேல் கேள்வியே இல்லை என்று நம்பிவிடுகிறவர்கள், பட்டனை அழுத்தி எண்ணை வாசிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். சதவீதத்தைக் கருவி சொல்லிவிடும். மீதி என்ன, அந்த மீதி யாரை என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் குவாரிக்காரர் முதல் தீவனக் கம்பெனிவரை எல்லோரும் தேடுகிறார்கள்.

கல்லை முதலில் படியுங்கள்

எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய பாறைக்கு டஃப் என்று பெயர். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு கண்ணாடிதான். சட்டென்று குளிர்ந்துவிட்டதால் படிகமாக நேரம் கிடைக்காத பாறைக் குழம்பு. உப்பும் காரமும் மிகுந்த ஏரித் தண்ணீரிலோ நிலத்தடி நீரிலோ நெடுங்காலம் ஊறினால் கண்ணாடி கரைந்து, அந்த இடத்தில் சியோலைட் படிகமாகிறது. சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சட்டகம், நடுவே ஆங்ஸ்ட்ராம் கணக்கில் அளக்கவேண்டிய குறுகிய பாதைகள், பாதைகளுக்குள் தண்ணீர், கூடவே இடம் மாறக்கூடிய சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள். அம்மோனியாவை இழுப்பதும் சீசியத்தைப் பிடித்துவைப்பதும் இந்த இடமாற்றத்தால் நடப்பவைதான்.

நம் ஊர்க் கல்லூரி அருங்காட்சியகங்களில் சியோலைட் என்றால் மகாராஷ்டிரத்துப் படிகங்களைக் காட்டுவார்கள். புனே, நாசிக், ஜல்காவ் பக்கம் பசால்ட் பாறைப் பொந்துகளில் விளைந்த ஸ்டில்பைட், ஹியூலண்டைட். பார்க்க அழகு, கண்ணாலேயே அடையாளம் சொல்லலாம். டஃபில் அந்த வசதி கிடையாது. அங்கே படிகங்கள் சில மைக்ரான் அளவுதான், கைலென்ஸில் அகப்படாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பழைய ஏரிப் படுகைகளில் சியோலைட் அடுக்கடுக்காகக் கிடப்பதே 1950களின் பிற்பகுதியில், எக்ஸ்-ரே ஆய்வு பரவிய பிறகுதான் தெரிய வந்தது. அதற்குமுன் அந்தப் பாறைகளைப் பார்த்தவர்கள் வெறும் களிமண் கல் என்று கடந்துபோயிருப்பார்கள்.

சேர்ந்த புதிதில் படிக்க ஒரே ஒரு ஆவணம் கேட்டால், கலிஃபோர்னியாவின் டெக்கோபா ஏரிப் படுகை பற்றி ஷெப்பர்ட், கூட் இருவரும் 1968இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்கு எழுதிய அறிக்கையைச் சொல்வேன். பழைய கரையோரத்தில் சாம்பல் அடுக்கு மாறாத கண்ணாடியாகவே இருக்கிறது. உள்ளே போனால் ஃபிலிப்சைட், கிளினோப்டிலோலைட், எரியோனைட். ஏரியின் நடுப்பகுதிக்குப் போனால் சியோலைட்டே இல்லை, பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார். ஏரி நீரின் உப்பும் காரமும் நடுவை நோக்கி ஏற ஏற, கனிமமும் மாறிக்கொண்டே போயிருக்கிறது. வேலைக்கு இதன் பொருள் நேரடியானது: குவாரியின் ஒரு முகத்தில் எடுத்த சாம்பிள் எதிர் முகத்துக்குச் சாட்சி சொல்லாது.

ஊருக்கு ஊர் சரக்கும் வேறு. ஸ்லோவாக்கியாவின் நிஷ்னி ஹ்ராபோவெட்ஸ், துருக்கியின் பிகாதிச், கோர்தெஸ் ஆகிய இடங்களில் கிளினோப்டிலோலைட் முதன்மை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரைக் கட்டிய மஞ்சள் டஃப், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் கம்ப்பி ஃப்ளெக்ரேய் எரிமலைப் பகுதி வெடித்துக் கொட்டியது. அதில் ஃபிலிப்சைட், சாபசைட், கொஞ்சம் அனல்சைம். ஜெர்மனியின் ரைன் பகுதியில் சுண்ணாம்போடு கலந்து காரையாக்கும் டிராஸ் கல்லும் இந்த மூன்றையும் கொண்டதுதான். ஆகவே பயோடேட்டாவில் "சியோலைட் அனுபவம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த சியோலைட் என்று எழுதுங்கள். நேர்காணலில் எதிரே இருப்பவர் விஷயம் தெரிந்தவரானால், அந்த ஒரு சொல்லிலேயே நிமிர்ந்து உட்காருவார்.

சாம்பிள் எடுப்பது கடைநிலை வேலை அல்ல

புதிதாகச் சேருகிறவர்கள் கருவி அறைக்குள் போகத் துடிப்பார்கள். முடிந்தால் முதல் சில மாதம் குவாரிக்குப் போகக் கேளுங்கள். அரிசி மண்டியில் குத்தூசி போடுகிறவர் மூட்டையின் வாயில் மட்டும் குத்திப் பார்த்து விலை பேசமாட்டார். டஃப் அடுக்கையும் கீழிருந்து மேல்வரை வெட்டி எடுக்க வேண்டும். அடிப்பகுதியில் கனமான படிகத் துண்டுகள் அதிகம், மேலே மென்சாம்பல், இடையில் களிமண் பட்டைகள் வரலாம். பட்டைகளைத் தவிர்த்துவிட்டு நல்ல கல்லாகப் பொறுக்கி எடுத்தால் ஆய்வுக்கூட அறிக்கை அழகாக இருக்கும், லாரியில் போகும் சரக்கு வேறாக இருக்கும்.

களத்தில் சில அறிகுறிகள் உதவும். சியோலைட் மிகுந்த டஃப் இலேசாக, மங்கலாக, உடைத்தால் சிலநேரம் பீங்கான் மாதிரி உடையும். சூடாக்கி நீர் போக்கிய தூளில் தண்ணீர் விட்டால் சூடாகும். பழைய ஆட்கள் கல்லை நாக்கில் ஒட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த கல்லை நொறுக்கி, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்துக் குறைப்பது வழக்கமான முறை. அரைப்பதில் கவனம் வேண்டும். நம்பகமான அளவீட்டுக்குத் துகள்கள் 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் உலர்வாக வெகுநேரம் அரைத்தால் படிகமே சிதைந்து, இல்லாத கண்ணாடியை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். எத்தனால் ஊற்றி ஈரமாக, குறுகிய நேரம் அரைப்பது நல்லது. கிளினோப்டிலோலைட் படிகங்கள் தட்டையானவை. தட்டில் அழுத்தி நிரப்பினால் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்து, ஒரு கோட்டை மட்டும் உயர்த்திக் காட்டும். பின்பக்கமாக நிரப்பும் தட்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அடுப்பில் காயவைத்தது, அறை ஈரத்தில் வைத்தது என்று எந்த நிலையில் எடை போட்டீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். சியோலைட்டுக்குள் இருக்கும் தண்ணீர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். அதைச் சொல்லாமல் சொல்கிற சதவீதம் எதற்கும் உதவாது.

கருவி சொல்வதும் சொல்லாததும்

இந்த வேலையின் நடுக்கருவி எக்ஸ்.ஆர்.டி., தூளில் பட்ட எக்ஸ்-ரே எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதைக் கோடுகளாகக் காட்டுவது. செப்புக் குழாய் பொருத்திய கருவியில் கிளினோப்டிலோலைட்டின் முதல் பெரிய கோடு 9.8 டிகிரி அருகே வரும், இன்னொன்று 22.4இல். மோர்டனைட் 6.5இல் தொடங்கும். எரியோனைட் 7.7. ஃபிலிப்சைட் 12.4 அருகே. அனல்சைம் 15.8, 25.9. இவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். மென்பொருள் தேடிக் கொடுக்கும் என்றாலும், கோட்டைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மென்பொருள் தவறாகச் சொல்லும்போது உறைக்கும். ஸ்மெக்டைட் களிமண் 6 டிகிரி பக்கம் அகலமாக எழும். சின்ன மோர்டனைட் கோடு அந்தத் தோளில் ஒளிந்துகொள்ளும். கிளைகால் ஆவி காட்டினால் ஸ்மெக்டைட் விரிந்து 5.2 டிகிரிப் பக்கம் நகர்ந்துவிடும், மோர்டனைட் அசையாது. குவார்ட்ஸின் பெரிய கோடு 26.6இல், மைக்காவின் ஒரு கோடும் அங்கேயே வருகிறது. ஐயம் வந்தால் 20.9இல் குவார்ட்ஸின் இரண்டாம் கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிளினோப்டிலோலைட்டும் ஹியூலண்டைட்டும் ஒரே சட்டகம் கொண்டவை. எக்ஸ்.ஆர்.டி. கோடுகள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1997இல் சர்வதேச கனிமவியல் சங்கத்துக்காகத் தயாரான வகைப்பாட்டின்படி சிலிக்கன்–அலுமினியம் விகிதம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிளினோப்டிலோலைட், குறைந்தால் ஹியூலண்டைட். இன்னொரு வழி, ஃபிரெடெரிக் மம்ப்டன் 1960இல் காட்டிய வெப்பச் சோதனை: 450 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைத்தால் ஹியூலண்டைட்டின் கட்டமைப்பு குலையும், கிளினோப்டிலோலைட் தாங்கும். சூடாக்கியபின் மறுபடி எக்ஸ்.ஆர்.டி.யில் பார்த்தால் தெரிந்துவிடும், கூடுதலாக ஓர் உலை இருந்தால் போதும். சிலிக்கன்–அலுமினியம் விகிதத்தை அளக்கும் விலை உயர்ந்த கருவி இல்லாத ஆய்வுக்கூடத்தில் சேருகிறவர் இதைச் செய்துகாட்டினால் மூத்தவர்கள் கவனிப்பார்கள்.

இப்போது சதவீதம். ஹாலந்துக்காரர் ஹூகோ ரீட்வெல்ட் 1969இல் வெளியிட்ட முறைதான் இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் ஓடுகிறது. ஒவ்வொரு கனிமத்தின் கட்டமைப்பையும் கொடுத்தால், கிடைத்த வரைபடத்தோடு கணக்கிட்ட வரைபடத்தைப் பொருத்தி, பங்குகளைச் சொல்லும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணாடிக்குப் படிகக் கோடு கிடையாது. 20 முதல் 30 டிகிரிவரை ஒரு மேடு மட்டும் தெரியும். முறை தன் போக்கில் படிகங்களை மட்டும் எண்ணி, கூட்டி 100 ஆக்கிவிடும். உண்மையில் ஒரு டஃபில் கிளினோப்டிலோலைட் 60, கண்ணாடி 25, மற்றவை 15 என்று வையுங்கள். கண்ணாடியை எண்ணாமல் விட்டால் 75இல் 60. அறிக்கையில் வருவது 80 சதவீதம்!

இதைத் தடுக்கும் வழி எளிது. எடைபோட்ட கொரண்டம் தூளை, சாதாரணமாக 10 முதல் 20 சதவீதம், சாம்பிளோடு கலந்துவிடுங்கள். நீங்கள் போட்டது 20, கணக்கு 25 என்று காட்டினால் நடுவில் எண்ணப்படாதது ஏதோ இருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். கொரண்டம் கலக்க அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். அவசரம் என்று இதை விட்டுவிடச் சொல்லும் மேலாளர் வந்தால், மேலே உள்ள 60–80 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். வாதாட வேண்டிய தேவையே இருக்காது.

ஒரு கருவியின் சொல்லை இன்னொன்றைக் கொண்டு சோதிப்பதும் பழக்கமாக வேண்டும். அயனிப் பரிமாற்றத் திறனை, ஆய்வுக்கூடத்தில் சி.இ.சி. என்பதை, அம்மோனியம் அசிட்டேட் கொண்டு அளக்கலாம். தூய கிளினோப்டிலோலைட்டுக்குக் கிராமுக்குச் சுமார் 2.2 மில்லி ஈக்விவலன்ட். 80 சதவீதம் என்றால் 1.75 பக்கம் வரவேண்டும். 1.3 வருகிறதா? எக்ஸ்.ஆர்.டி. அறிக்கையை மறுபடி திறவுங்கள். ஸ்மெக்டைட் களிமண்ணுக்கும் ஒன்றை ஒட்டிய திறன் உண்டு என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொட்டாசியம் மிகுந்த சரக்கு ஒரே கழுவலில் முழுவதையும் விட்டுக்கொடுக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

தனிமங்களை மட்டும் அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி தரும் ஆக்சைடு பட்டியலை வைத்து மட்டும் சியோலைட் என்று கையெழுத்துப் போடாதீர்கள். சிலிக்கா 68, அலுமினா 12 என்ற கணக்கு மாறாத எரிமலைக் கண்ணாடிக்கும் பொருந்தும், சியோலைட்டாக மாறிய டஃபுக்கும் பொருந்தும். சூடாக்கும்போது இழக்கும் எடை ஓரளவு வேறுபடுத்திக் காட்டும், அதிலும் கால்சைட் கலந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஏமாற்றும். எலெக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் விடாதீர்கள். கிளினோப்டிலோலைட் சவப்பெட்டி வடிவத் தட்டுகளாக, மோர்டனைட் மெல்லிய நூலாக, சாபசைட் ஏறத்தாழ கனசதுரமாக, எரியோனைட் ஆறுபட்டைக் குச்சியாகவோ இழையாகவோ தெரியும். கண்ணாடித் துண்டு கரைந்துபோய் அதன் ஒய் வடிவக் கூடு மட்டும் நிற்க, உள்ளே சியோலைட் நிரம்பியிருப்பதைப் பார்த்தவருக்கு இந்தப் பாறை உருவான கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்சத்தில் இருப்பவர்கள்

பெரும்பாலான டஃபில் சியோலைட்டோடு ஃபெல்ட்ஸ்பார், பயோடைட், ஸ்மெக்டைட், ஓபல், கிரிஸ்டோபலைட், குவார்ட்ஸ், மாறாத கண்ணாடி எல்லாம் இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் வெறும் பாரம். லாரி வாடகையைக் கூட்டும், தீங்கில்லை. ஸ்மெக்டைட் நீர் வடிகட்டியில் நனைந்து கரைந்து அடைப்பை உண்டாக்கும், அதே ஸ்மெக்டைட் தீவனத்தில் குற்றமில்லை. கண்ணாடி வடிகட்டியில் வீண். சிமென்டில் சுண்ணாம்போடு வினைபுரிந்து வேலை செய்யும். கிரிஸ்டோபலைட்டும் குவார்ட்ஸும் தூளாகி நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் பணியிடங்களில் சுவாசிக்கும் இந்த இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. ஓபலும் கிரிஸ்டோபலைட்டும் 22 டிகிரி பக்கம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கோடு காட்டும். ஓபலின் கோடு அகலம், கிரிஸ்டோபலைட்டுக்குக் கூர்மை. அந்த அகலத்தைச் சரியாகப் படிக்காமல் விட்டால் இல்லாத ஆபத்தை எழுதுவீர்கள், அல்லது இருக்கும் ஆபத்தை மறைப்பீர்கள்.

எரியோனைட் தனியாகப் பேச வேண்டியது. துருக்கியின் கப்படோக்கியாவில் காராயின், துஸ்கோய், சரிஹிதிர் என்று சில கிராமங்கள். டஃபைக் குடைந்து வீடு, டஃபை அறுத்துச் சுவர். 1970களில் மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷ் அங்கே நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் கூட்டம் கூட்டமாக வருவதைக் கண்டார். ஆஸ்பெஸ்டாஸ் ஆலை எதுவும் கிடையாது. காரணம் சுவரிலும் தெருப்புழுதியிலும் இருந்த எரியோனைட் இழை. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கார்லிக் கிராமத்தில் அந்தப் புற்றுநோய்க் கொத்து இல்லை. புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் எரியோனைட்டை முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் டன் கவுன்டியில் நூற்றுக்கணக்கான மைல் சாலைக்கு எரியோனைட் கலந்த சரளையைப் போட்டுவிட்டார்கள். அது தெரிந்தபிறகு 2011இல் வந்த ஆய்வு, அந்தச் சாலைப்புழுதியைக் காராயினோடு ஒப்பிட்டுப் பேசியது.

மோர்டனைட்டும் இழையாகத்தான் தெரியும். ஆனால் அதையும் கிளினோப்டிலோலைட், ஃபிலிப்சைட் போன்றவற்றையும் 1997இல் அதே முகமை வகைப்படுத்தப் போதிய ஆதாரமில்லை என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது. எனவே "இழை இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோகக்கூடாது. எந்தக் கனிமத்தின் இழை என்று சொல்ல வேண்டும். எக்ஸ்.ஆர்.டி.யில் 7.7 டிகிரியில் சின்ன மேடு தெரிந்தாலும் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். மேடு தெரியவில்லை என்பதற்காக இல்லை என்றும் எழுதாதீர்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் சாதாரண எக்ஸ்.ஆர்.டி.க்குப் பார்வை மங்கும்.

நாக்கில் ஒட்டிப் பார்க்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். தெரியாத டஃப் சாம்பிளை உறிஞ்சும் அறைக்குள்ளேயோ ஈரமாகவோதான் நொறுக்க வேண்டும். துணி முகமூடி போதாது, நுண்துகள் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். மேசையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலைக்குச் சேரும்முன் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கக் கேட்டு, அரைக்கும் அறையின் ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். வெள்ளைத்தூள் ஒட்டினால் சம்பளம் எவ்வளவு என்றாலும் யோசியுங்கள். எக்ஸ்-ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு என்பதால் அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். கவனிப்பில்லாமல் கிடப்பது அரைக்கும் அறைதான்.

வாங்குகிறவருக்கு என்ன வேண்டும்

அறிக்கை யாருக்குப் போகிறது என்று தெரியாமல் எழுதக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் கிளினோப்டிலோலைட்டுக்கு 2013இல் வந்த ஒழுங்குமுறை இப்படிச் சொல்கிறது: கிளினோப்டிலோலைட் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, களிமண் கனிமங்கள் 20ஐத் தாண்டக்கூடாது, இழையும் குவார்ட்ஸும் இருக்கக்கூடாது. கிலோ தீவனத்துக்கு 10,000 மில்லிகிராம் உச்சவரம்பு. சந்தையில் எல்லோரும் 80 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒழுங்குமுறையோ மிச்சத்தையும் பெயர் சொல்லிக் கேட்கிறது.

அணு உலை உலகம் இன்னும் கறார். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1985இல் தொடங்கிய கழிவுநீர் நிலையம், பயன்படுத்திய அணு எரிபொருளை வைத்திருக்கும் குளங்களின் தண்ணீரிலிருந்து சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் பிரிக்கக் கலிஃபோர்னியாவின் மட் ஹில்ஸ் கிளினோப்டிலோலைட்டைத் தேர்ந்தெடுத்தது. குறிப்பிட்ட குவாரியின் குறிப்பிட்ட கல்லை நம்பி ஒரு நிலையத்தை வடிவமைத்தபின், வேறு மலையின் கல்லை "அதுவும் கிளினோப்டிலோலைட்தான்" என்று உள்ளே கொட்ட முடியாது. அமெரிக்காவில் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கலாமா என்று ஆராய்ந்த காலத்தில், டேவிட் பிஷ் போன்ற கனிமவியலாளர்கள் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை அடுக்குக்கு அடுக்கு எக்ஸ்.ஆர்.டி.யில் அளந்தார்கள். கண்ணாடி, மோர்டனைட், கிளினோப்டிலோலைட் எந்த ஆழத்தில் எவ்வளவு என்பதே கேள்வி. டஃபின் கனிமச் சேர்மானத்தை அளப்பதையே வாழ்க்கைத் தொழிலாக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நமக்கு நெருக்கமான வாடிக்கையாளர் இறால் பண்ணைக்காரர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் குளத்து அம்மோனியாவைக் குறைக்க சியோலைட் தூள் கொட்டுவது பழகிப்போன விஷயம். மூட்டையில் சிலிக்கா இத்தனை, அலுமினா இத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் மதிப்பு என்ன என்பதை மேலே பார்த்தோம். அதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. உவர்நீரில் சோடியமும் பொட்டாசியமும் அவ்வளவு குவிந்திருக்கும்போது, சியோலைட்டின் பாதைகளை அவையே நிரப்பிக்கொள்ளும். அம்மோனியத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நன்னீர்ச் சோதனையில் வந்த சி.இ.சி. எண்ணைக் காட்டி உவர்நீர்க் குளத்துக்கு விற்பது சரியல்ல. தீவன, நீர்வளர்ப்பு மருந்துக் கம்பெனிகளில் தொழில்நுட்ப அதிகாரியாகச் சேருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்து நீரிலேயே சோதித்து எண்ணைச் சொல்லுங்கள்.

அறிக்கையும் அழுத்தமும்

விற்பனைப் பிரிவிலிருந்து போன் வரும். "சார், ரிப்போர்ட்ல எழுபத்தெட்டுன்னு இருக்கே, எண்பதுன்னு போட முடியாதா? ரெண்டு பெர்சன்ட்தானே?" இந்தக் கேள்வி வராத ஆய்வுக்கூடம் இல்லை. கோபப்பட வேண்டாம். உங்கள் அளவீட்டின் பிழை வரம்பை அறிக்கையில் எழுதியிருந்தால் அதுவே பதில்: 78, கூட்டவோ கழிக்கவோ 3. வாங்குகிறவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். வரம்பு எழுதாமல் வெறும் 78 என்று போட்டிருந்தால்தான் பேரம் தொடங்கும். மறுபடி சாம்பிள் எடுத்து மறுபடி ஓட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு முடிவையும் கோப்பில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்ற ஆய்வுக்கூடத்தில் பழைய முடிவை அழிப்பது வேலைக்கே உலை வைக்கும். கையெழுத்து உங்களுடையது என்றால் மூலக்கோப்பின் நகலும் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எல்லாக் கனிமங்களின் பட்டியலும், கண்ணாடி உட்பட, 100க்குக் கூட்டி வரட்டும். சாம்பிள் எங்கே, எப்படி எடுத்தது என்ற வரி அதற்கு மேலே. நீங்களே எடுக்காமல், வாடிக்கையாளர் பொட்டலம் கட்டிக் கொடுத்ததாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பின்னால் தகராறு வரும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

உள்ளே போகும் வழி

எம்.எஸ்ஸி. நிலவியல் இருந்தால் நல்லது. வேதியியல், இயற்பியல், பொருளறிவியல் படித்தவர்களும் வரலாம், பாறையியலைக் கொஞ்சம் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். அரசு வேலை வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு நிலவியலாளர்களும் வேதியியலாளர்களும் அந்த வழியாகவே போகிறார்கள். தனியாரில் சிமென்ட், நீர் சுத்திகரிப்பு, தீவனம், பரிசோதனைக் கூடங்கள். டஃபை மட்டும் அளக்கும் வேலை என்று விளம்பரம் வராது. கனிமங்களை அளவிடத் தெரிந்தவர் என்ற பெயரில்தான் உள்ளே போவீர்கள். களிமண், சாம்பல், சிமென்ட் கிளிங்கர் எல்லாம் அதே கருவி, அதே கணக்கு.

பழகுவதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. நிக்கோலா டோபெலின் உருவாக்கிய புரொஃபெக்ஸ் மென்பொருள் இலவசம், ரீட்வெல்ட் கணக்குகளை அதில் போடலாம். கட்டமைப்புக் கோப்புகளைத் திறந்த படிகவியல் தரவுத்தளத்திலும் சர்வதேச சியோலைட் சங்கத்தின் தரவுத்தளத்திலும் எடுக்கலாம். ஆர்.ஆர்.யூ.எஃப்.எஃப். தளத்தில் கனிமங்களின் எக்ஸ்.ஆர்.டி. தரவுகள் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் சியோலைட் ஒரு பை வாங்கி, ஈரமாக அரைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாள் சாம்பிளை ஓட்டித்தரும் பல்கலைக்கழகக் கருவி மையம் ஒன்றில் கொடுங்கள். சில பைகளில் ஆலையில் செய்த சியோலைட் ஏ இருக்கலாம், அதன் முதல் கோடு 7.2 டிகிரியில் வரும். எரியோனைட் என்று பதறிவிடாதீர்கள்.

கொஞ்சம் தேறியபின் ரெனால்ட்ஸ் கோப்பையைக் குறிவையுங்கள். அமெரிக்காவின் களிமண் கனிமச் சங்கம் 2002 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் போட்டி அது. சேர்மானம் மறைத்த மூன்று கலவைகளை அனுப்புவார்கள். எது எவ்வளவு என்று எழுதி அனுப்ப வேண்டும். வென்றவர் அடுத்த போட்டியை நடத்துவார். வெல்லாவிட்டாலும், உண்மைச் சேர்மானத்தோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பது எந்த வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி.

விண்ணப்பத்தோடு சான்றிதழ்க் கட்டை அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, நீங்களே ஆய்ந்த ஒரு சாம்பிளின் அறிக்கையை ஒரே பக்கத்தில் இணையுங்கள். சாம்பிள் எடுத்த விதம், கனிமப் பட்டியல், கண்ணாடியின் பங்கு, பிழை வரம்பு நான்கும் அதில் இருக்கட்டும். எரியோனைட் கண்டறியப்படவில்லை என்று எழுதினால், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் உங்களால் காண முடியாது என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.